குந்து வாங்க வந்த கூட்டம்

தேவிப்பிரியாவுக்கு ஒருவர் எதிரில் போய் நின்று, இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்க மட்டும் வராது. மற்றபடி அவள் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. வீட்டுக்குள் அவள் வைத்ததுதான் சட்டம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கொடிநாளுக்கு விற்கச் சொல்லி ஒரு கட்டுக் கொடியைக் கொடுத்தால், அத்தனையையும் அப்பா தலையில் கட்டிவிட்டு, தெருத்தெருவாக அலைந்து விற்றதாக டீச்சரிடம் சொல்லுவாள். அப்பா இறந்து வருஷங்கள் ஆகின்றன. இனி அவளுடைய கொடிகளை வாங்க வீட்டில் ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவள் முப்பத்தோரு வயதில் வியாபாரம் செய்யக் கிளம்பினாள் என்றால், அதற்கு அவள் கைதான் காரணம். ஓசூரில் இருசக்கர வண்டிகளுக்கு சீட் தைக்கும் கம்பெனி ஒன்றில் எட்டு வருஷம் வேலை பார்த்த கை அது. கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் அம்மா வீட்டை ஒட்டியே குடிவந்த பிறகு அந்தக் கை சும்மா கிடந்தது. அம்மா குள்ளம்மாள் களை எடுக்கப் போகிறவள். கேழ்வரகுக் கொல்லையிலும் கடலைக் கொல்லையிலும் நாள் முழுக்கக் குந்தியபடியே நகர்ந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள். தேவிப்பிரியா ஒருநாள் ஃபோமை வட்டமாக ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, கெட்டித் துணியில் உறை தைத்து, இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பெல்ட் வைத்தாள். கட்டிக்கொண்டால் எங்கே வேண்டுமானாலும் அப்படியே உட்காரலாம். எழுந்து நகர்ந்தால் இருக்கையும் கூடவே வரும், இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். உட்காருவதை எங்கள் பக்கம் குந்துவது என்போம். பொருளுக்கும் அவள் 'குந்து' என்றே பெயர் வைத்தாள்.

குள்ளம்மாள் அதைக் கட்டிப் பார்த்தாள், மெத்தென்று இருக்கிறது என்றாள், டிவி பார்க்கும்போது அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கொல்லைக்கு மட்டும் எடுத்துப் போகவில்லை. ஏன் என்று மகள் கேட்டிருந்தால் இந்தக் கதையில் பாதி நடந்தே இருக்காது.

அந்த நேரம் பார்த்து ஓசூர் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. பழைய ஆள், வேலை தெரிந்தவள், சூப்பர்வைசராக வருகிறாயா என்று கேட்டார்கள். சம்பளம் நல்ல சம்பளம். ஆனால் கம்பெனி பஸ் பைபாஸுக்கு விடிவதற்கு முன்னால் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போனால், இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து விடும். மகள் அன்பரசிக்கு நாலு வயது. அவள் எழும்போது அம்மா இருக்கமாட்டாள், அம்மா வரும்போது அவள் தூங்கியிருப்பாள். இப்படி எத்தனை வருஷம் என்று தேவிப்பிரியா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்வதாகச் சொல்லிவைத்தாள்.

கணவன் கதிரவன் டிராக்டர் ஷோரூமில் மெக்கானிக். நிதானமான மனுஷன். எதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் சரியாகிவிட்டது என்று சொல்லுவான். அவனிடம் அவளே ஒரு நிபந்தனை வைத்தாள்: இந்தக் குந்தை நூறு பேர் காசு கொடுத்து வாங்கினால் ஓசூர் வேண்டாம், வாங்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறேன். கதிரவன் ஒத்துக்கொண்டான். வாரச்சந்தையில் ஒரு கோணியை விரித்து நாலைந்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்து பார், ஒரே நாளில் தெரிந்துவிடும் என்றும் சொன்னான். அவள் அந்தப் பேச்சை அதோடு நிறுத்தச் சொல்லிவிட்டாள். தெரிந்த முகங்கள் நாலு பேர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கீழே வைத்துவிட்டுப் போவதை அவளால் தாங்க முடியாது. உண்மையில் அவளுடைய பயமெல்லாம் அந்த ஒரு நொடியைப் பற்றித்தான்.

வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லாத ஒன்று கைபேசிக்குள் இருந்தது. கேள்வியைத் தமிழில் தட்டினால் தமிழிலேயே பதில் சொல்லும் ஏஐ. கதிரவன்தான் வண்டி ரிப்பேர் சந்தேகம் கேட்க அதை இறக்கிவைத்திருந்தான். தேவிப்பிரியா குந்தைப் பற்றி விலாவாரியாக எழுதி, தர்மபுரி மாவட்டத்தில் களை எடுக்கும் நூறு பெண்களாக நீயே இருந்து, இதை வாங்குவாயா என்று சொல் என்று கேட்டாள். மறுபேச்சில்லாமல் அது நூறு பெண்களானது. ஒவ்வொருத்திக்கும் பெயர், வயது, ஊர், முழங்கால் வலி. முக்கால்வாசிப் பேருக்கு மேல் உடனே வாங்குவதாகச் சொன்னார்கள். அதில் பென்னாகரத்து மாதம்மாள் என்று ஒருத்தி, வயது நாற்பத்தெட்டு, பக்கவாட்டில் வெற்றிலை பாக்கு வைக்க ஒரு சின்னப் பை இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள். துணி பச்சை நிறமாக இருந்தால் அழுக்குத் தெரியாது என்றாள் இன்னொருத்தி. தேவிப்பிரியா பச்சைத் துணி வாங்கினாள், பை வைத்துத் தைத்தாள். மாதம்மாளின் இடது முழங்கால் எப்படி இருக்கிறதோ என்று இரண்டு நாள் உண்மையாகவே கவலைப்பட்டாள் என்றால் சிரிப்பீர்கள். இல்லாதவள்மேல் பட்ட கவலை அது.

பணத்துக்கும் அந்த ஏஐயே வழி சொன்னது. கிரவுட் ஃபண்டிங் என்று ஒன்று. இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, செய்யப்போகும் பொருளைப் பற்றிச் சொல்லி, இவ்வளவு வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும். பிடித்தவர்கள் முன்பணம் போடுவார்கள். குறித்த நாளுக்குள் தொகை சேர்ந்தால் பணம் நம் கைக்கு வரும், பொருளைச் செய்து அனுப்பவேண்டும். சேராவிட்டால் போட்டவர்களுக்கே திரும்பிவிடும். தொழில் தொடங்க மூலதனமும் கிடைக்கும், பொருள் விலைபோகுமா என்ற கேள்விக்கு விடையும் கிடைக்கும் என்றது ஏஐ. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதை அது சொல்லவில்லை, ஆனால் தேவிப்பிரியாவுக்கு அதுதான் முதலில் பிடித்தது.

கனமான துணி தைக்கும் பழைய மெஷின் ஒன்றும் கொஞ்சம் ஃபோமும் வாங்கும் அளவுக்குத் தொகையைக் குறித்தாள். ஒரு குந்து ஐநூறு ரூபாய், அதற்குமேல் போடுகிறவர்கள் அவரவர் இஷ்டம். பக்கத்துக்கான எழுத்தையும் படத்தையும் ஏஐயே செய்து கொடுத்தது. படத்தில் பட்டுச்சேலை கட்டி, கை நிறைய வளையல் போட்ட ஒருத்தி, தர்மபுரியில் எவனும் பயிரிடாத ஏதோ ஒரு பயிருக்கு நடுவில் குந்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும் எந்த நடிகை என்று கேட்டார்கள்.

குள்ளம்மாளுக்கு மட்டும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. யாரென்றே தெரியாதவர்கள் எதற்காகப் பணம் போடவேண்டும்? மருமகன் பொறுமையாக விளக்கினான்.

"ஊர்ல இருக்கறவங்க எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒருத்தரத் தூக்கி விடறது அத்தை. அவ்வளவுதான்."

"இதுக்கு எதுக்கு இங்கிலீசுல ஒரு பேரு?" என்றாள் குள்ளம்மாள். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே யார்யாரிடம் என்ன பேசினாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை ஐநூற்றி ஒன்று வந்தது. மத்தியானம் ஆயிரத்து ஒன்று. பிறகு ஐநூற்றி ஒன்றுகள் வரிசையாக விழுந்தன. நல்லம்பள்ளியிலிருந்து பச்சியப்பன் மாமா இரண்டாயிரத்து ஒன்று போட்டிருந்தார். மாதம் பாதி ஆவதற்குள் கேட்ட தொகையைத் தாண்டிவிட்டது, போட்டவர்களும் நூறைத் தாண்டி நூற்று நாற்பதுக்கு வந்துவிட்டார்கள். கண்ணில் நீர் வர, தேவிப்பிரியா மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுற்றினாள்.

இந்த ஒற்றை ரூபாயைப் பார்த்ததுமே உங்களுக்கு மூக்கில் வியர்த்திருக்கும். அவளுக்கும் வியர்க்காமல் இல்லை. ஆனால் நம்ப ஆசைப்படுகிறவள் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வியை வேறு யாரிடமாவதுதான் கேட்பாள். அவள் ஏஐயிடம் கேட்டாள். ஆதரவாளர்கள் கேட்டதற்குமேல் ஒரு ரூபாய் சேர்த்துத் தருவது உங்கள் பொருளின்மீது அவர்களுக்குள்ள உற்சாகத்தைக் காட்டுகிறது என்று அது சொன்னது. கூடவே, பட்டியலில் சரியாக ஐநூறு மட்டும் போட்ட ஒரே ஒரு நபர் இருப்பதாகவும், அவர் ஈடுபாடு குறைந்த ஆதரவாளர் என்றும், அவர் கேட்கும் கேள்விகளுக்கு மெதுவாகப் பதில் சொன்னால் போதும் என்றும் சொன்னது. தேவிப்பிரியா மற்ற நூற்று முப்பத்தொன்பது பேருக்கும் உட்கார்ந்து நன்றி எழுதினாள்.

பணம் கைக்கு வந்ததும் மெஷின் வாங்கினாள். ஓசூருக்கு வரமுடியாது என்று எழுதி அனுப்பப் போனவளைக் கதிரவன்தான் தடுத்தான். முதல் பத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, அவர்கள் உட்கார்ந்து பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அனுப்பு, மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்றான். அவள் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குந்தைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியில் நல்லம்பள்ளிக்குப் போனார்கள். பெரிய தொகை போட்ட மாமா வீட்டுக்குத்தானே முதலில் போகவேண்டும்.

பச்சியப்பன் குள்ளம்மாளுக்கு அடுத்துப் பிறந்த தம்பி. கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வந்தவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிள்ளையை ஏன் கூட்டி வரவில்லை என்று கோபித்துக்கொண்டார். தேவிப்பிரியா பையிலிருந்து குந்துகளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது.

"என்ன பாப்பா இது? மொய் வெச்சவனுக்குப் பொருளக் கொண்டாந்து குடுக்கறே? கணக்கத் தீத்துக்கறியா? நாளைக்கு எம்பொண்ணு கல்யாணத்துக்கு நீ வரமாட்டியா?"

தேவிப்பிரியாவுக்கு முதலில் காதில் விழுந்ததே ஒழிய உள்ளே இறங்கவில்லை. மாமா விளக்கிச் சொன்னார். அவளுடைய கல்யாணம் ஊரடங்கு காலத்தில் இருபது பேரோடு கோயிலில் நடந்தது. பந்தல் இல்லை, பந்தி இல்லை, மொய் எழுத ஆளும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் இருபது வருஷமாகச் சுற்றுவட்டாரத்தில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு மஞ்சள்நீர் விடாமல் போய்ச் செய்துவிட்டு வந்தவள் குள்ளம்மாள். அத்தனை பேருக்கும் அவளுக்குத் திரும்பச் செய்யவேண்டிய மொய் தொண்டையில் முள்ளாக நின்றிருந்தது. வீட்டுக்கு வந்து கையில் கொடுத்தால் அது கடனைத் திருப்பியதாகிவிடும், மரியாதை இல்லை. ஒரு விசேஷம் என்று அழைப்பு வந்தால்தானே செய்ய முடியும்? அப்படி இருக்கும்போது குள்ளம்மாளிடமிருந்து போன். மகள் ஒரு காரியம் ஆரம்பிக்கிறாள், கல்யாணத்துக்குத்தான் யாரையும் கூப்பிட முடியவில்லை, இதற்கு மறக்காமல் செய்துவிடுங்கள் என்று. அப்பாடா என்று எல்லாரும் செய்துவிட்டார்கள்.

"தாம்பூலப் பை மாதிரி ஒண்ணு குடுத்தேன்னு வெச்சுக்கறேன்" என்று மாமா ஒரு குந்தை மட்டும் எடுத்து பீரோவுக்கு மேல் வைத்தார். அங்கே ஏற்கெனவே பல கல்யாணங்களில் கொடுத்த எவர்சில்வர் தூக்குகள் வரிசையாக இருந்தன.

மாமாவின் மனைவி தங்கம்மாள் களை எடுக்கப் போகிறவள்தான். அடுப்படியில் இருந்து வந்தவள், இரண்டாவது குந்தை ஆசையாகவே வாங்கிக் கட்டிப் பார்த்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இதப் பின்னாடி கட்டிக்கினு பத்துப் பேரு நடுவுல நான் எப்படிக் கொல்லைக்குப் போவேன்? வரப்புல போறவன் வர்றவனெல்லாம் பாத்துச் சிரிக்கமாட்டான்? உங்கம்மா கட்டிக்கினு போறாளா, கேட்டியா?"

குழம்பு ருசியாக இருந்திருக்கும். தேவிப்பிரியாவுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. வண்டியில் திரும்பி வரும்போது கதிரவன் ஏதேதோ பேசிப் பார்த்தான். கொடிநாள் கொடிகளை அப்பா தலையில் கட்டியவள் இப்போது ஒரு மாவட்டத்துச் சொந்தத்தின் தலையிலேயே கட்டியிருக்கிறாள். அதுவும் தெரியாமல் கட்டிவிட்டு, விலைபோய்விட்டது என்று ஆடியும் இருக்கிறாள். அவமானமாக இருந்தது. அதைவிட, அன்பரசியைத் தூக்கிக்கொண்டு சுற்றியது நினைவுக்கு வந்தபோது அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கத்தவேண்டும் என்றுதான் வந்தாள். ஆனால் குள்ளம்மாள் அவ்வளவு நிறைவாக உட்கார்ந்திருந்தாள். பொருளைத் தம்பி வாங்கிக்கொள்ளவில்லை என்றதும் அவன் மரியாதை தெரிந்தவன் என்று சந்தோஷப்பட்டாள். மகள் கல்யாணத்துக்கு ஊர்கூடிச் செய்யவில்லையே என்ற குறை ஐந்து வருஷமாகத் தன் மனதில் கிடந்ததாகவும், இப்போதுதான் தீர்ந்ததாகவும் சொன்னாள். நூற்று நாற்பது பேர் நம்மை மறக்கவில்லை, பார்த்தாயா என்று கேட்டாள். அப்படிப் பார்த்தால் அவள் கணக்கில் எந்தத் தோல்வியும் இல்லை. வந்த பணம் வந்த பணம்தான். திரும்பச் செய்யவேண்டிய பணம், ஆனால் அவரவர் வீட்டு விசேஷம் வரும்போது செய்தால் போதும். இதையெல்லாம் கேட்டபிறகு தேவிப்பிரியாவுக்குக் கத்த மனம் வரவில்லை. கொல்லைக்கு ஏன் அதைக் கட்டிக்கொண்டு போகவில்லை என்று மட்டும் கேட்டாள்.

"வெக்கமா இருக்குதுடி" என்றாள் குள்ளம்மாள். "நீ ஆசையா தெச்சே. எப்படிச் சொல்றது?"

மறுநாள் பிள்ளை பால்வாடிக்குப் போனபிறகு தேவிப்பிரியா ஏஐயைத் திறந்தாள். இந்தமுறை நூறு பெண்களாக இருந்து, ஏன் வாங்கமாட்டாய் என்று சொல் என்றாள். அது அதே மரியாதையோடு வாங்கமாட்டாத நூறு பெண்களானது. விலை அதிகம், துணி சூடாக இருக்கும், கொல்லையில் பாம்பு வந்தால் சட்டென்று எழ முடியாது என்று அடுக்கியது. நடுவில் ஒருத்தி, இதைக் கட்டிக்கொண்டு தெருவில் நடக்கக் கூச்சமாக இருக்கிறது என்றும் சொன்னாள். முதலிலேயே இதைச் சொல்லித் தொலைந்தால் என்ன என்று தேவிப்பிரியாவுக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அதை முதலில் தான் கேட்கவே இல்லை என்பதும் புரிந்தது. கேட்ட பக்கமெல்லாம் சாய்கிற ஒன்றிடம் போய்த் தனக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் கேட்டிருக்கிறாள். அம்மாவிடமோ அதைக்கூடக் கேட்கவில்லை.

ஓசூர் பஸ்ஸுக்கு மனதைத் தயார்செய்துகொள்ளத்தான் வேண்டும் என்று நினைத்தாள். பணம் போட்டவர்களின் பட்டியலைக் கடைசியாக ஒருமுறை மேலிருந்து கீழாகத் தள்ளினாள். ஐநூற்றி ஒன்று, ஐநூற்றி ஒன்று, ஆயிரத்து ஒன்று. மாமா, சித்தப்பா, பங்காளி, அம்மாவோடு களைக்குப் போகிறவர்கள். இடையில் அந்த ஐநூறு. ஷகிலா, தர்மபுரி. சொந்தத்திலும் தெரிந்தவர்களிலும் அப்படி ஒருவர் கிடையாது. அந்தப் பெயருக்குக் கீழே மூன்று கேள்விகள் பதில் இல்லாமல் கிடந்தன. எப்போது வரும்? எப்போது வரும்? மூன்றாவதாக, வருமா வராதா?

விரல் போன் நம்பருக்குமேல் போய் நின்றுவிட்டது. முன்பின் தெரியாத ஒருத்தி. எடுத்தவுடன் பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டால் என்ன சொல்வது? பிறகு அழுத்தினாள். மறுமுனையில் ஷகிலா எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, காசு வாங்கி எத்தன நாளாச்சு? எல்லாருக்கும் நன்றி நன்றின்னு எழுதறே, எனக்கு மட்டும் பதில் இல்ல. நான் குடுத்தது காசு இல்லையா?"

பகல் பஸ்ஸில் தேவிப்பிரியா தர்மபுரிக்குப் போனாள், தனியாக, மடியில் ஒரு குந்தோடு. ஷகிலாவின் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பின்பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டாய். அங்கே ஷகிலாவும் இன்னும் நாலு பெண்களும் சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டல்களுக்கும் கல்யாண சமையல்காரர்களுக்கும் உரித்துக் கொடுப்பதுதான் தொழில். ஒருத்தி கவிழ்த்த பக்கெட்மேல், ஒருத்தி செங்கல்மேல், மற்றவர்கள் வெறும் தரையில். மூட்டைக்கும் தொட்டிக்கும் நடுவில் நாள் முழுக்க எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கும் வேலை. யாருடைய ஸ்டேட்டஸிலோ அந்தப் பட்டுச்சேலைக்காரி படத்தைப் பார்த்துவிட்டுப் பணம் போட்டதாக ஷகிலா சொன்னாள்.

கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கூடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழுந்து தொட்டிப் பக்கம் போனாள், அங்கேயும் அப்படியே உட்கார்ந்தாள். இன்னொரு முறையும் போய்வந்தாள். நாலு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. நாலு சுவருக்குள் எவன் வந்து பார்க்கப்போகிறான்? தேவிப்பிரியா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்ற வார்த்தை வரப்போகும் நொடி, அவள் சின்ன வயதிலிருந்து ஓடி ஒளிந்த அதே நொடி, இப்போது நேர் எதிரில் வந்து நின்றது.

ஷகிலா குறை சொல்ல ஆரம்பித்தாள். பெல்ட் யார் இடுப்புக்கு எடுத்த அளவு, பிள்ளை பெற்றவர்கள் யாரும் இதைக் கட்டவேண்டாமா என்றாள். இங்கே தரை எப்போதும் ஈரம், துணி நனைந்தால் நாற்றமடிக்கும், அடியில் ரெக்சின் போட்டால் என்ன என்றாள். பச்சை நிறத்தைப் பார்த்தால் கண்ணைப் பறிக்கிறது என்றாள். பிறகு பக்கவாட்டில் இருந்த சின்னப் பையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"இந்தப் பை எதுக்கு?"

"ஒரு அம்மா கேட்டாங்கக்கா. வெத்தல பாக்கு வெக்கறதுக்கு."

"எந்த அம்மா?"

பென்னாகரத்து மாதம்மாள் என்று வாய்வரை வந்ததை தேவிப்பிரியா விழுங்கிக்கொண்டாள். ஷகிலா அதற்குமேல் கேட்கவில்லை.

"அவங்களுக்கே தெச்சுக் குடு. எனக்கு வேணாம், வெங்காயத் தோலுதான் போய் அடையும். பை இல்லாம, ரெக்சின் போட்டு, பெல்ட்டப் பெருசாக்கி, இன்னும் நாலு வேணும். நானூறுன்னு போட்டுக்க."

ஷகிலா சாதாரணமாகத்தான் சொன்னாள், மார்க்கெட்டில் பூண்டுக்காரனிடம் சொல்வதுபோல. ஆனால் தேவிப்பிரியாவின் காதில் அது வேறுமாதிரி விழுந்தது. ஏஐ காட்டிய நூறு பெண்களில் ஒருத்திகூட விலையைக் குறைத்துக் கேட்டதில்லை. மொய் வைக்கிறவர்கள் யாரும் பேரம் பேசமாட்டார்கள். பொருள் வேண்டும் என்கிறவளுக்குத்தான் விலை அதிகமாகத் தெரியும். நூற்று நாற்பது பேர் போட்ட பணத்தில் கிடைக்காத சந்தோஷம் இந்த நூறு ரூபாய்க் குறைப்பில் கிடைத்தது.

"கட்டுப்படி ஆகாதுக்கா" என்றாள். தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே ஆச்சரியம். "ரெக்சின் போட்டா எனக்கே கூட ஆகுது."

அரை மணிநேரம் இழுத்தார்கள். நடுவில் டீ வந்தது. நானூற்று எழுபத்தைந்துக்கு முடிந்தது. அளவு நாடாவை எடுத்து ஐந்து பேர் இடுப்பையும் அளந்து எழுதிக்கொண்டு, கொடுத்த குந்தையும் பெல்ட் மாற்றிக் கொண்டுவரத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரெக்சினும் தடித்த நூலும் கடைத்தெருவிலேயே வாங்கினாள். எட்டு வருஷம் தைத்த சாமான், தடவிப் பார்த்தாலே தரம் தெரிந்துவிடும் கைக்கு.

காரிமங்கலம் பஸ் ஸ்டாப்பில் கதிரவன் வண்டியோடு நின்றிருந்தான். அவள் ஏறாமலேயே சொன்னாள். நூறு பேர் என்று நிபந்தனை வைத்தேன், ஐந்துதான் ஆகியிருக்கிறது, ஒரு வருஷம் கொடு, இனிமேல் வீட்டுக்குள்ளேயும் கொட்டாயிலேயும் குந்தி வேலை செய்கிறவர்களாகப் பார்த்து நானே போகிறேன், சந்தையிலும் வந்து உட்காருகிறேன் என்றாள். கதிரவன் வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டே பதில் சொன்னான்.

"நூத்து நாப்பதுன்னு நீ சொன்னப்போ எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. அஞ்சுன்னா நம்பலாம்."

அன்றைக்குச் சாயங்காலமே ஓசூருக்கு வரமுடியாது என்று எழுதி அனுப்பினாள். அன்பரசி வெட்டிய ஃபோம் துண்டுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். குள்ளம்மாள் களையிலிருந்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தன் குந்துமேல் உட்கார்ந்து, தர்மபுரிக்காரம்மாவைப் பற்றி விசாரித்தாள். எவ்வளவு செய்தார்கள் என்று கேட்டாள்.

"செய்யலம்மா. பேரம் பேசினாங்க."

"பேரமா?" குள்ளம்மாளுக்கு மகளுக்காகக் கோபம் வந்துவிட்டது. "நம்மகிட்டயா? அவங்க நமக்கு என்ன முறை ஆகுது?"

"ஒரு முறையும் ஆகாதும்மா" என்றாள் தேவிப்பிரியா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஏன் அப்படி ஒரு சிரிப்பு என்று குள்ளம்மாளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.